மவுண்ட் வெர்னன் போகிறீர்களா? முதலில் மாளிகை நேரத்தை வாங்குங்கள்

அமெரிக்கத் தலைநகர் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள், வார இறுதியில் நியூ ஜெர்சியிலிருந்து காரில் இறங்குகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்து, விவசாயம் பார்த்து, 1799 டிசம்பரில் இறந்துபோன பண்ணை வீடுதான் மவுண்ட் வெர்னன். வாஷிங்டன் டிசியிலிருந்து தெற்கே பதினைந்து மைல் தொலைவில், வர்ஜீனியா மாநிலத்தில், பொடோமாக் ஆற்றங்கரையில் இருக்கிறது.

போவது சுலபம்தான், ஆனால் விவரம் தெரியாமல் போனால் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். எங்களுக்கு ஓர் இடைத்தரகர் தளம் கூடுதல் விலைக்கு விற்ற டிக்கெட்டில் மாளிகைக்குள் போகும் நேரமே இல்லை. அதை வாசலில் போய்த்தான் தெரிந்துகொண்டோம். அன்றைய நேரங்கள் எல்லாம் அதற்குள் விற்றுப்போயிருந்தன. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. சரியான மவுண்ட் வெர்னனைப் பிடியுங்கள்

இந்தப் பெயரில் அமெரிக்காவில் பல இடங்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஒரு நகரம், பால்டிமோரில் ஒரு பேட்டை. கூகுள் மேப்பில் வெறுமனே 'மவுண்ட் வெர்னன்' என்று தட்டினால் எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. 'ஜார்ஜ் வாஷிங்டன் மவுண்ட் வெர்னன்' என்று முழுப் பெயரைக் கொடுங்கள். ஜிப் கோடு 22121 என்று வந்தால் சரியான இடம்.

மெட்ரோ ரயிலில் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய குழப்பம் காத்திருக்கிறது. டிசி நகருக்குள்ளேயே 'மவுண்ட் வெர்னன் ஸ்கொயர்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது நகர மாநாட்டு மையத்தை ஒட்டியது, வாஷிங்டன் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் ஏற வேண்டியதும் மஞ்சள் தடம்தான், அந்த நிலையமும் மஞ்சள் தடத்தில்தான். வடக்கே போகும் ரயில்கள் சிலவற்றின் நெற்றியிலேயே அந்தப் பெயர் ஓடும். பார்த்ததும் 'ஆஹா, நம்ம வண்டி' என்று ஏறிவிடத் தோன்றும். ஏறாதீர்கள். உங்கள் ரயிலில் 'ஹன்டிங்டன்' என்று எழுதியிருக்க வேண்டும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வருடத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும் இடம் இது. கிறிஸ்துமஸ் அன்றுகூட உண்டு. காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாலை ஐந்து மணிக்கு மூடுவார்கள், நவம்பர் முதல் மார்ச் வரை நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் டிசம்பரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி வருகிறவர்கள் நிறைய. அப்படி வந்தால் பாதி இடத்தைப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம் வரை வார நாட்களில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். நாடு முழுக்க இருந்து மாணவர்களை டிசி சுற்றுலாவுக்கு அழைத்து வரும் பருவம் அது. செர்ரிப் பூ சமயத்திலும் கூட்டம்தான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை, ஆனால் இங்கே பெரும்பாலும் திறந்த வெளியில் நடக்க வேண்டும். வயதானவர்களோடு போவதென்றால் என் தேர்வு அக்டோபர் மாதத்து வார நாள், காலை ஒன்பது மணி. இலைகள் நிறம் மாறும் நேரம், குளிரும் கடுமையாக இருக்காது, ஐந்து மணி வரை திறந்தும் இருக்கும்.

இரண்டு விசேஷ நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் பிரெசிடென்ட்ஸ் டே அன்று நுழைவு இலவசம். இலவசம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், குளிரில் நெடுநேரம் நிற்கவும் வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தப் போகிறவர்கள் திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள். மற்றொன்று ஜூலை 4. அன்று இங்கே புதிய குடிமக்கள் உறுதிமொழி ஏற்கும் விழா நடக்கும். பகல் வெளிச்சத்திலேயே வாணவேடிக்கையும் உண்டு. பல வருடம் விசாவோடும் கிரீன் கார்டோடும் காத்திருப்பவர்களுக்கு அந்த விழாவைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனி அனுபவம். ஆனால் முதல் முறை வீட்டைப் பார்க்க அந்த நாள் வேண்டாம். அமைதியாக எதையும் பார்க்க முடியாது.

3. டிக்கெட்: இரண்டு பகுதி, இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்

டிசியின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம் என்று பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வருவார்கள். இன்னும் சிலர் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸை நீட்டுவார்கள். இரண்டும் இங்கே செல்லாது. காரணம், இது அரசாங்கத்தின் சொத்தே இல்லை. 1858இல் மவுண்ட் வெர்னன் லேடீஸ் அசோசியேஷன் என்ற பெண்கள் சங்கம் வாஷிங்டன் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கி, இன்று வரை அதுவேதான் பராமரிக்கிறது. அரசுப் பணம் வாங்குவதில்லை, டிக்கெட்டிலும் நன்கொடையிலும்தான் ஓடுகிறது.

இப்போது டிக்கெட் கணக்கு. வளாகத்துக்குள் நுழைய ஒரு டிக்கெட். அதில் தோட்டங்கள், கல்லறை, பண்ணை, அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். மாளிகைக்குள் போக, நேரம் குறித்த தனி அனுமதி வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் ஓரிரு டாலர்தான். பணம் பெரிதில்லை, நேரம்தான் சிக்கல். குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். கூட்டமான நாட்களில் மாளிகை நேரம் முழுக்க முன்கூட்டியே விற்றுவிடும், வளாக டிக்கெட் மட்டும் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வாங்கும் முறை இப்படி. சங்கத்தின் சொந்தத் தளமான மவுண்ட்வெர்னன்.ஆர்க் போய், முதலில் தேதி, அடுத்து மாளிகை நேரம், அப்புறம் ஆட்களின் எண்ணிக்கை என்று தேர்ந்தெடுங்கள். பெரியவருக்கு ஏறக்குறைய 30 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பதினோரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம், ஐந்து வயது வரை இலவசம். வாசலில் வாங்குவதைவிட இணையத்தில் வாங்கினால் கொஞ்சம் மலிவு. குழந்தைக்குக் காசு இல்லை என்பதற்காகக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். மாளிகை நேரத்தில் குழந்தைக்கும் ஒரு இடம் போட்டுத்தான் முன்பதிவு செய்ய வேண்டும்.

எந்த நேரத்தை எடுப்பது? திறந்தவுடன் உள்ள முதல் நேரத்தை எடுக்காதீர்கள். வழியில் போக்குவரத்து நெரிசல், பார்க்கிங், பை சோதனை, எல்லாம் தாண்டி வாசலிலிருந்து மாளிகை வரை நடக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வந்து சேர்வதானால் பத்து அல்லது பத்தரை மணி நேரம் சரியாக இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் பதினொன்றரைக்கு மேல் எடுங்கள்.

இடைத்தரகர் தளங்களில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், 'மாளிகைச் சுற்று, நேரம் இத்தனை மணி' என்று டிக்கெட்டில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'நுழைவு' என்று மட்டும் இருந்தால் அது வளாகம் மட்டுமே.

2023 இறுதியில் இந்த மாளிகையில் பெரிய மராமத்துப் பணி தொடங்கி, கட்டம் கட்டமாக அறைகளை மூடித் திறந்து வந்தார்கள். பழைய மரக் கட்டடம், வேலை ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். போகும் வாரத்தில் எந்தெந்த அறை திறந்திருக்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட் கைப்பேசியில் இருந்தால் போதும். திரையைப் படம் பிடித்துச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நுழைவாயிலில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆனாலும் விசாவில் இருப்பவர்கள் வெளியூர்ப் பயணத்தில் ஐ-94 பதிவை (நாட்டுக்குள் நுழைந்ததற்கான அரசுப் பதிவு) அச்செடுத்து வைத்திருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையையே வைத்திருங்கள். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். அவர்களுடைய ஐ-94, பாஸ்போர்ட் பக்கத்தின் நகல், பயணக் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரு உறையில் போட்டு அவர்கள் பையிலேயே வையுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணையும் அதில் எழுதி வையுங்கள், வளாகம் பெரிது.

ராணுவத்தினர் போன்றோருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அந்த டிக்கெட் வாங்கினால் அதற்கான அடையாள அட்டை கட்டாயம்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு உள்ளே இலவச வீல்சேர் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு, முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும். ஈடாக ஓட்டுநர் உரிமம் போல ஒரு அடையாள அட்டையைக் கேட்டால் கொடுக்கத் தயாராக இருங்கள்.

செருப்பு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சரளைப் பாதை, செங்கல் பாதை, ஆற்றங்கரைக்கு இறங்கும் சரிவு என்று மாறி மாறி வரும். பட்டுப்புடவையும் ஹீல்ஸும் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், கால்தான் தாங்காது.

5. போய்ச் சேருங்கள்

கார்: வசதியான வழி இதுதான். பார்க்கிங் இலவசம். டிசி பக்கத்திலிருந்து வந்தால் ஜார்ஜ் வாஷிங்டன் மெமோரியல் பார்க்வே, ஆற்றை ஒட்டியே அலெக்ஸாண்ட்ரியா ஊருக்குள் நுழைந்து வெளியேறி, நேராக மவுண்ட் வெர்னன் வாசலிலேயே வந்து முடியும். சுங்கம் கிடையாது. ஆனால் வேக வரம்பு குறைவு, காவலர்களும் நிற்பார்கள், நெடுஞ்சாலை என்று நினைத்து மிதிக்காதீர்கள். ஆஷ்பர்ன், ஹெர்ண்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் டல்லஸ் டோல் ரோடு, 495 எக்ஸ்பிரஸ் லேன் இரண்டிலும் கவனமாக இருங்கள். எக்ஸ்பிரஸ் லேன் கட்டணம் நெரிசலுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். சுங்கம் கட்டும் கருவியான ஈஸி பாஸ் இல்லாமல் வாடகைக் காரில் நுழைந்தால் அபராதமும் சேவைக் கட்டணமுமாகப் பிறகு பில் வரும். மேப்பில் 'சுங்கச் சாலை தவிர்' என்பதை அழுத்திவிட்டால் தொல்லை இல்லை.

மெட்ரோவும் பஸ்ஸும்: கார் இல்லாத மாணவர்களுக்கும் சுற்றுலா வந்தவர்களுக்கும் இதுதான் மலிவு. மஞ்சள் தடத்தில் கடைசி நிலையமான ஹன்டிங்டனில் இறங்குங்கள். அந்த நிலையம் ஒரு குன்றின் சரிவில் இருப்பதால் மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். நீங்கள் கீழ் வாசலான ஹன்டிங்டன் அவென்யூ பக்கம் வெளியேற வேண்டும். மேலே ஏறிப் போய்விட்டால் வேறு பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். அங்கிருந்து ஃபேர்ஃபாக்ஸ் கனெக்டர் 101ஆம் எண் பஸ் மவுண்ட் வெர்னன் வாசலில் இறக்கிவிடும்.

101 அடிக்கடி வரும் பஸ் இல்லை. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டு, போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் முன்தினமே பார்த்து எழுதி வையுங்கள். வார நாள் அட்டவணை வேறு, சனி ஞாயிறு வேறு. மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஸ்மார்ட்ரிப் அட்டையை ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அட்டையை நான்கு பேருக்குத் தேய்க்க முடியாது. கைப்பேசியிலேயே அட்டையை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்பா அம்மாவுக்குத் தனி பிளாஸ்டிக் அட்டை வாங்கிக் கொடுப்பதுதான் நிம்மதி. ஸ்மார்ட்ரிப்பில் போனால் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறும்போது கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். காசாகக் கொடுத்தால் தள்ளுபடியும் இல்லை, ஓட்டுநர் சில்லறையும் தர மாட்டார். நகர மையத்திலிருந்து போக வர ஆளுக்குப் பத்து டாலர் அளவில் ஆகும். நேரத்துக்கு, ஒரு வழிக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஒதுக்குங்கள்.

ரயிலில் வந்து பஸ்ஸைத் தவறவிட்டால், ஹன்டிங்டனிலிருந்து வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம், எட்டு மைல் அளவுதான். மாளிகை நேரம் நெருங்கிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இதைச் செய்யுங்கள்.

படகு: டிசி வார்ஃபிலிருந்தும் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்தும் வெயில் காலத்தில் படகு உண்டு. குளிர்காலத்தில் ஓடாது. ஆற்றிலிருந்து மாளிகையைப் பார்க்கும் காட்சி அருமை, அதற்கு விலையும் அதிகம். திரும்பும் படகு நேரம் உறுதியாகிவிட்டதால் உள்ளே இருக்கும் நேரம் உங்கள் கையில் இருக்காது. படகுத் துறையிலிருந்து மாளிகைக்கு நல்ல ஏற்றம். படகு டிக்கெட்டோடு வளாக நுழைவு சேர்ந்திருக்கிறதா, மாளிகை நேரமும் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சைக்கிள்: மவுண்ட் வெர்னன் டிரெயில் என்று ஆற்றோரமாகவே பதினெட்டு மைல் பாதை இருக்கிறது. பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். கடைசிப் பகுதி மேடு.

6. உள்ளே போனதும் மாளிகை வரிசையைக் குறி வையுங்கள்

வாசலைத் தாண்டியதும் வழிகாட்டி மையம். வரைபடம் அங்கே கிடைக்கும், கழிவறையும் அங்கே இருக்கிறது. எல்லோரும் போய்விட்டு வந்துவிடுங்கள், மாளிகைக்குள் அந்த வசதி இல்லை. அறிமுகப் படம் ஒன்று ஓடும். நேரம் இருந்தால் பாருங்கள், மாளிகை நேரம் அரை மணிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாசலிலிருந்து மாளிகைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பெரியவர்களோடு என்றால் அரை மணி. உங்கள் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். ஸ்ட்ரோலரை உள்ளே விட மாட்டார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மாடிக்குப் படி மட்டுமே. படி ஏற முடியாதவர்கள் கீழ்த்தளத்தைப் பார்க்கலாம், வரிசையில் நிற்கும்போதே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

7. மாளிகைக்குள் இருபது நிமிடம்

அவ்வளவுதான் நேரம். அறை அறையாக வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கங்கே நிற்கும் வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டு போவார்கள். நின்று மொழிபெயர்க்க முடியாது. அதனால் என்ன பார்க்கப் போகிறோம் என்று அப்பா அம்மாவுக்கு வரிசையிலேயே தமிழில் சொல்லிவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போது வெளிச்சுவரை உற்றுப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டுக்கல் அடுக்கிக் கட்டிய வீடு மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் பைன் மரப்பலகை. பலகையின் ஓரங்களைச் சரித்துச் செதுக்கி, பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மணலைத் தூவிக் கல்லைப் போல ஆக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது மணல் துகள்கள் சொரசொரவென்று தெரியும். கை வைக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் சுவரில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இருப்பது பாரிஸ் பாஸ்டில் சிறையின் சாவி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் வாஷிங்டனின் கீழ் போரிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத், பிரெஞ்சுப் புரட்சியில் சிறை விழுந்த பிறகு தன் பழைய தளபதியான அவருக்கு இதை அனுப்பிவைத்தார். நூறு பேரில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே நடந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது, அதனால் சொல்லி வைக்கிறேன். மாடியில் வாஷிங்டன் இறந்த படுக்கை, கீழே அவருடைய படிப்பறை. வரிசை ஓடினாலும் இந்த மூன்றிடத்தில் கண்ணை நிறுத்துங்கள்.

சுற்று முடிந்ததும் ஆற்றைப் பார்த்த பெரிய தாழ்வாரத்துக்கு வருவீர்கள். நாற்காலிகள் போட்டிருப்பார்கள், உட்காரலாம். எதிர்க்கரையில் ஒரு உயரக் கட்டடம்கூடக் கண்ணில் படாது. அந்தக் காட்சி கெடாமல் இருக்க வேண்டும் என்றே எதிர்க்கரை நிலத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

8. இதைத் தாண்டிப் போகாதீர்கள்: அடிமைகள் வாழ்ந்த இடம், புதைந்த இடம்

மாளிகையைப் பார்த்ததும் பலர் கடைக்குப் போய்விட்டுக் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். என் மனதுக்கு இது ஒப்பவில்லை. அந்த வீட்டை நடத்தியவர்களின் இடம் வெளியேதான் இருக்கிறது. 1799இல் இந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். சமைத்தது, துணி துவைத்தது, உழுதது, அறுத்தது, மீன் பிடித்தது எல்லாம் அவர்கள். தனக்குச் சொந்தமாக இருந்த 123 பேரை விடுவிக்க வாஷிங்டன் உயில் எழுதினார். மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்தில் அடங்கிய மற்றவர்களை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஒரே வீட்டில் கணவன் விடுதலையாகி, மனைவியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நின்ற குடும்பங்கள் இருந்தன.

மேல் தோட்டத்தை ஒட்டிய செங்கல் கட்டடத்தில் அவர்கள் தங்கிய அறையை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். சுவரோரமாக அடுக்குப் படுக்கைகள், ஒரு அடுப்பு, சில சட்டிகள். மாளிகையின் பச்சை வண்ணப் பெரிய கூடத்தைப் பார்த்த கண்ணோடு நேராக அங்கே போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எதையும் தனியாக விளக்க வேண்டியிராது.

கல்லறை, மாளிகையிலிருந்து தெற்கே சரிவில் இருக்கிறது. வாஷிங்டன், மார்த்தா இருவரின் பளிங்குப் பெட்டிகள் இரும்புக் கதவுக்குப் பின்னால் தெரியும். குறிப்பிட்ட நேரங்களில் மலர்வளையம் வைக்கும் சிறு நிகழ்ச்சி நடக்கும், நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் அடிமைகளின் இடுகாடும் நினைவிடமும். ஒரு கல் 1929இல் வைத்தது. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுத் தூண் 1983இல் வந்தது. புதைந்தவர்களின் பெயர் எழுதிய கற்கள் கிடையாது. தொல்லியலாளர்கள் 2014 முதல் மண்ணை மேலோட்டமாக விலக்கிக் குழிகளின் விளிம்பை மட்டும் குறித்து, எலும்பைத் தொடாமல் மூடி வருகிறார்கள். மரநிழலான இடம். சத்தம் போடாமல் இருக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

9. காலில் தெம்பு இருந்தால் பண்ணை, இல்லாவிட்டால் அருங்காட்சியகம்

ஆற்றங்கரையில் உள்ள பண்ணைக்கு இறங்கிப் போவது சுலபம், ஏறி வருவதுதான் கஷ்டம். ஊரில் நிலம் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு அங்கே இருக்கும் பதினாறு பக்கக் களஞ்சியம் மிகவும் பிடிக்கும். வாஷிங்டனே திட்டமிட்ட கட்டடத்தை மறுபடி கட்டியிருக்கிறார்கள். நம் களத்துமேட்டில் மாடு கட்டிப் போரடிப்பது போலவேதான், இங்கே குதிரைகள் மேல்தளத்தில் வட்டமாக ஓடும். பலகைகளுக்கு நடுவே விட்ட இடுக்கு வழியாகக் கோதுமை மணி கீழ்த்தளத்தில் உதிரும், வைக்கோல் மேலேயே தங்கிவிடும். கூரைக்கு அடியிலேயே நடப்பதால் போரடிக்கிறவர்கள் மழைக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. குதிரைகளை ஓட்டிக் காட்டுவது வெயில் காலத்தில்தான், அதுவும் குறித்த நேரங்களில்.

கால் வலி எடுத்துவிட்டால் வெளியேறும் வழியில் குளிர்சாதன வசதியுள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. வாஷிங்டனின் பல்செட்டை அங்கே வைத்திருக்கிறார்கள்.

10. சாப்பாடு

உணவுக்கூடமும் உணவகமும் நுழைவாயிலுக்கு வெளியே இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாலட், உருளை வறுவல், பீட்ஸா என்று சுருங்கிவிடும். கட்டுச்சோறு கொண்டு போவதுதான் நல்லது, ஆனால் வளாகத்துக்குள் பிரித்து உட்கார முடியாது. பார்க்வேயில் வடக்கே ஒரு மைல் தூரத்தில் ரிவர்சைடு பார்க் இருக்கிறது. மேசை, மரநிழல், ஆறு எல்லாம் உண்டு. புளிசாதத்தைக் காரில் வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து முடித்ததும் அங்கே போய்ச் சாப்பிடுங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். நடுவில் சாப்பிட வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக டிக்கெட் செல்லுமா என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பையில் பிஸ்கட் வைத்திருங்கள். நுழைவாயிலுக்குத் திரும்பி நடந்து வர நேரமாகும்.

11. ஆலையும் வடிசாலையும் வேறு இடம்

வாஷிங்டனின் மாவு ஆலையும் விஸ்கி வடிசாலையும் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். உண்மையில் 235ஆம் சாலையில் மூன்று மைலுக்குள் தனியாக இருக்கின்றன. நடந்து போகாதீர்கள், கார் வேண்டும். வெயில் காலத்தில் வார இறுதி நாட்களில்தான் திறப்பார்கள். தண்ணீரில் சுழலும் ஆலை உண்மையாகவே தானியம் அரைக்கிறது. 1799இல் இந்த வடிசாலை ஏறத்தாழ 11,000 கேலன் விஸ்கி காய்ச்சியது. பாட்டில் வாங்க நினைப்பவர்கள் இருபத்தொரு வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை கொண்டு போங்கள், நகல் ஏற்க மாட்டார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதென்றால் மாளிகையைக் காலையில் முடித்துவிடுங்கள்.

12. செலவையும் திரும்பும் நேரத்தையும் முன்பே போட்டு வையுங்கள்

நீங்கள் இருவர், அப்பா அம்மா, நான்கு வயதுக் குழந்தை என்றால் டிக்கெட் மட்டும் 120 முதல் 130 டாலர் வரை. காரில் போனால் பெட்ரோல் தவிர வேறில்லை. மெட்ரோவில் போனால் இன்னும் 40 டாலர் சேருங்கள். வெளியே சாப்பிட்டால் ஆளுக்குப் பதினைந்து இருபது டாலர்.

நேரம் குறைந்தது நான்கு மணி. பண்ணையையும் சேர்த்தால் ஐந்து. பஸ்ஸில் வந்தவர்கள் வளாகம் மூடும் நேரத்துக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்கப் பாருங்கள், மூடியபின் வரும் பஸ்ஸில் கூட்டம் மொத்தமும் ஏறும்.

அந்தப் பக்கமே குடியிருந்து, வருடத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்களாவது ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஆண்டு பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் வாங்கிய டிக்கெட் தொகையைப் பாஸ் விலையில் கழித்துக்கொள்வார்களா என்று கிளம்புவதற்கு முன் கவுண்டரில் கேளுங்கள். டிக்கெட்டைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாமல் வைத்திருங்கள்.